அரிசிப் பானைக்குள் ஒரு சிரட்டை

வெள்ளூருணி மடத்தில் சேருகிறவர்களுக்குக் காவித்துணி கிடையாது, காதில் ஓதும் மந்திரமும் கிடையாது. ஒரு தேங்காய்ச் சிரட்டை கொடுப்பார்கள். நார் போகச் சுரண்டி, எண்ணெய் தடவி, வழவழவென்று இருக்கும். அடியில் மடத்து முத்திரையாக ஒரு சூட்டுக்குறி இருக்கும். இனி உன் ஒருவேளைச் சோறு இதில் கொள்ளுமளவுதான் என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமைதோறும் சிரட்டையைக் கல்லில் கவிழ்த்து, விளிம்பைப் பத்துத் தரம் தேய்க்க வேண்டும்.

பத்துத் தேய்ப்பில் என்ன குறைந்துவிடும்? நாலு பருக்கை குறையும். வயிற்றுக்கே தெரியாது. வருஷம் போகப் போகச் சிரட்டையும் தேயும், நாக்கின் ஆசையும் தேயும் என்று மடத்தை வைத்த பெரியவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எறும்பு ஊரக் கல்லே தேயும்போது சிரட்டை தேயாதா?

பெரியவருக்குப் பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்தவர் ஈசானச் சாமி. வயது நாற்பதைத் தாண்டவில்லை. வருகிற சீடர்கள் எல்லாரும் அவரைவிட மூத்தவர்கள். பேச்சுக் குறைவு. அடுப்பும் அவரே மூட்டுவார், அண்டாவும் அவரே விளக்குவார்.

சீடர்களில் தவசிலிங்கம் என்று ஒருவர். எண்ணெய்க்கடை வைத்திருந்து, முழங்கால் வலி வந்து, கடையைக் கைமாற்றிவிட்டவர். வயது அறுபத்திரண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிறக்கும்போதே கையில் அளவையோடு பிறந்த மனுஷர் அவர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சிரட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மூன்று நாள் சிரட்டைச் சோறு சாப்பிட்டார். நாலாம் நாள் கை நடுங்கியது, காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. நமக்கு இது ஆகாது என்று தெரிந்துபோயிற்று. அதற்காகச் சாமி கொடுத்ததைத் தூக்கிப் போடவா முடியும்? கொண்டுபோய் அரிசிப் பானைக்குள் போட்டார். வீட்டில் காலங்காலமாக அரிசி அளந்த இரும்புப் படியைப் பரண்மேல் ஏற்றினார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்குச் சிரட்டைதான் அளவு. ஒரு நாளைக்கு இரண்டு சிரட்டை அரிசி, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மியில் வைத்துப் பத்துத் தரம் தேய்த்தார். அந்த விஷயத்தில் ஆளைக் குறை சொல்லக் கூடாது, ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை.

மடத்துக்குப் போனால் சாமி கேட்பார், சிரட்டை எப்படி இருக்கிறது என்று. தேய்ந்துகொண்டே வருகிறது சாமி என்பார் இவர். அது பொய்யும் இல்லை. அண்ணாச்சியைப் பாருங்கள், குடும்பத்துக்குள் இருந்துகொண்டே எப்படி வைராக்கியமாக இருக்கிறார் என்று சாமி மற்றவர்களிடம் இரண்டொரு தரம் சொன்னதும் உண்டு. அண்ணாச்சியின் தொப்பை ஆறு வருஷத்தில் அரை இஞ்சுகூட உள்ளே போகவில்லை. மடத்தில் எல்லாரும் கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தார்கள்போலும், ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை.

அரிசியோடு நின்றாரா என்றால் இல்லை. எண்ணெயைத் துணி முடிச்சால் தொட்டுச் சட்டியில் தடவச் சொன்னார். தேயிலைத் தூளை வெயிலில் காயவைத்து மறுதரம் கொதிக்கவிடச் சொன்னார். பருப்பு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்றானது. கேஸ் சிலிண்டர் நாலு மாதம் வந்தபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். சாமான் வைக்கிற அரங்கு வீட்டைப் பூட்டிச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அவர் ஒரு வழி வைத்திருந்தார். எதையும் கொஞ்சம் குறைத்துப் பார்ப்பார். பத்து நாள் பொறுப்பார். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை என்றால், அது அதுவரை வீணாய்ப் போன பொருள் என்று அர்த்தம். பிறகு இன்னும் கொஞ்சம் குறைப்பார்.

வீட்டில் யார் இருந்தது? அவர் பெண்சாதி அரியநாச்சி ஒருத்திதான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அவள் பம்பாய்ப் பக்கம் போய்விட்டாள். அரியநாச்சி வாய் திறக்கிற ரகம் இல்லை. உலையில் அரிசி குறைந்தது முதல் வாரமே அவளுக்குத் தெரியும். சமைக்கிற கைக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் புருஷன் தட்டில் ஒரு பருக்கை குறையவிட்டதில்லை. வழக்கம்போல வயிறு நிறையப் போட்டாள், மறுசோறு போட்டாள். அவர் ஏப்பம் விட்டுவிட்டுக் காற்றாடிக்கு அடியில் போய்ப் படுப்பார். அதற்குப் பிறகு அடுக்களையில் என்ன நடந்தது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இன்னொன்றும் இருந்தது. அந்த ஊரில் மடத்துக்குப் பிடியரிசி எடுப்பார்கள். உலையில் போடுவதற்கு முன்னால் அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். மாதக் கடைசியில் அதைப் பையில் கட்டி மடத்துக்கு அனுப்புவார்கள். சாமி அதைத்தான் பொங்கிச் சாப்பிடுவார், வருகிறவர்களுக்கும் போடுவார். அரியநாச்சி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எடுக்கிறாள். சிரட்டை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாய் ஆன பிறகும் அவள் பிடியை விடவில்லை. சாமிக்கு என்று எடுப்பதில் குறைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவள் எண்ணம்.

இந்தப் பங்குனியில் குழாயடியில் தலைசுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை, இப்படியே விட்டால் ஆள் தங்காது, நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள் என்று சொல்லி முட்டை, பால், பேரீச்சம்பழம் என்று எழுதிக்கொடுத்தார். தவசிலிங்கம் சீட்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். டாக்டர்கள் எல்லாருக்கும் சொல்லுகிற பாட்டுத்தானே இது! அடுத்த வீட்டு மரத்தில் சும்மா கிடைக்கிற முருங்கைக்கீரையை ஒடித்துக்கொண்டு வந்து போட்டார்.

அதற்கடுத்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, ஒரு சரக்கு ஆட்டோவில் பெரிய பித்தளை அண்டா ஒன்றை ஏற்றிக்கொண்டு மடத்து வாசலில் வந்து இறங்கினார். இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்க முடிந்தது. கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது. உபயம்: சு. தவசிலிங்கம்.

சாமி வெளியே வந்து பார்த்தார்.

"நூறு பேருக்குப் பொங்கலாம் சாமி," என்றார் தவசிலிங்கம்.

கடையை விட்டுவிட்டீர்கள், இவ்வளவுக்குப் பணம் ஏது என்று சாமி விசாரித்தார். அந்தக் கேள்விக்காகவே ஆறு வருஷம் காத்திருந்தவர்போல அண்ணாச்சி நிமிர்ந்தார். கடன் வாங்கவில்லை, காணி விற்கவில்லை, அத்தனையும் அடுக்களையில் மிச்சம் பிடித்தது என்றார். எண்ணெய் முடிச்சு, தேயிலைத் தூள், நாலு மாதச் சிலிண்டர் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். 

"ஒண்ணு கேக்கணும் சாமி. சிக்கனமும் ஒரு தவந்தானே?"

சாமியின் பார்வை தவசிலிங்கத்தின் கையில் இருந்த பிடியரிசிப் பையில் இருந்தது. வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தார்.

தவசிலிங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. அதுவும் ஒரு குறைதான் சாமி என்று ஆரம்பித்தார். ஆறேழு மாதமாய்ப் பை இளைத்துக்கொண்டே வருகிறது, நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார். மற்ற வீட்டுப் பைகளுக்குப் பக்கத்தில் இதைத் தொங்கவிடவே வெட்கமாக இருக்கிறதாம்.

"வீட்டுல அவ சாமிக்கு எடுக்கிறதுலயே கையை இறுக்குறா. நீங்க ஒரு வார்த்தை கண்டிக்கணும்."

"வாங்க, வீட்டுக்குப் போவோம்," என்றார் சாமி.

சாமி யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. நம் வீட்டுக்கு வருகிறார், அதுவும் நாம் சொன்ன உடனே வருகிறார் என்று தவசிலிங்கத்துக்கு நடையில் ஒரு மிதப்பு வந்துவிட்டது. வழியில் இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்தார்.

அரியநாச்சி அடுக்களையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாமியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடி வளையல் கழன்று விழுந்துவிடாமல் இருக்க மணிக்கட்டில் நூல் சுற்றியிருந்தாள்.

சாமி அரிசிப் பானையைக் கேட்டார். தவசிலிங்கம் சாவியை எடுத்து அரங்கு வீட்டைத் திறந்து, பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தார். சாமி தன் துண்டைத் தரையில் விரித்தார்.

"அம்மா, எப்பவும் எடுக்கிற மாதிரி ஒரு பிடி எடுங்க."

அவள் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பானைக்குள் கையை விட்டு எடுத்தாள். துண்டுக்குக் கொண்டுவருவதற்குள் பாதி அரிசி விரலிடுக்கு வழியாகப் பானைக்குள்ளேயே விழுந்துவிட்டது. துண்டில் விழுந்தது ஒரு கோழிக்குஞ்சுக்குக் காணாது.

"அண்ணாச்சி, நீங்க ஒரு பிடி எடுங்க."

அவர் எடுத்தார். கை கொள்ளாமல் வந்தது. சாமி இரண்டு குவியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அரியநாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

"விரல் மடங்க மாட்டேங்குது சாமி. பிடிச்சதெல்லாம் ஒழுகிருது. மனசு கேக்காம சில நாள் ரெண்டு தரம் அள்ளிப் போட்டேன். அப்படியும் காணல. சாமி மன்னிச்சுக்கணும்."

அந்த இரண்டாவது தரம் யாருடைய சோற்றிலிருந்து போனது என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது சொல்லுகிற விஷயமாகவே தோன்றவில்லை.

சாமி பானைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே கிடந்ததை எடுத்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து, ஒரு கரண்டி அளவுக்கு ஆகியிருந்தது. திருப்பினார். அடியில் சூட்டுக்குறி மட்டும் அப்படியே இருந்தது. குறியைப் பார்த்தார், பிறகு தவசிலிங்கத்தின் வயிற்றைப் பார்த்தார்.

"இதுலயா சாப்பிடுறீங்க?"

"இது வீட்டுக்கு அளக்கிறது சாமி."

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ரெண்டு. முந்தியும் ரெண்டுதான், இப்பவும் ரெண்டுதான். நான் எண்ணிக்கையைக் குறைக்கவே இல்ல."

சாமியின் முகம் செத்துப்போயிற்று. பிறகு எழுந்து, அளக்க வேறு என்ன இருக்கிறது என்று தேடிப் பரணைப் பார்த்தார், எக்கி இரும்புப் படியை எடுத்தார். தூசி தட்டி, தலைதட்டாமல் கோபுரமாக அளந்து, அரிசியைக் களைந்து தானே உலையில் போட்டார். அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டார். நெருப்பு பாத்திரத்தைத் தாண்டி மேலே வந்தது. தவசிலிங்கத்தின் கை கேஸைக் குறைக்கப் போய், சாமி நிற்கிறாரே என்று திரும்பி வந்தது.

சோறு வெந்ததும் சாமி ஒரு இலையைப் போட்டு அரியநாச்சியை உட்காரச் சொன்னார். அவள் பதறிப்போனாள். முப்பத்தாறு வருஷத்தில் புருஷனுக்கு முன்னால் அவள் கை நனைத்ததில்லை. சாமி விடவில்லை. அகப்பையை எடுத்துத் தவசிலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"நீங்க பரிமாறுங்க அண்ணாச்சி."

பரிமாறினார். முதல் தரம் அளவாகப் போட்டார். சாமி பார்த்தார். இன்னொரு தரம் போட்டார், மேலே காலையில் வைத்த ரசத்தை ஊற்றினார்.

அரியநாச்சி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இரண்டு வாய், மூன்று வாய். நாலாவது வாய் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினாள். கையை எடுத்துவிட்டாள்.

"போதும் சாமி. உள்ள எடங்கொள்ளல."

"பசிக்கலையாம்மா?"

"அது நின்னு ரொம்ப நாளாச்சு சாமி."

தவசிலிங்கத்தின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. பசி நிற்கவேண்டும் என்றுதானே மடத்தில் ஒவ்வொருத்தனும் இருபது வருஷமாய்ச் சிரட்டையைத் தேய்க்கிறான்?

"கேட்டீங்களா சாமி? பசியே நின்னுருச்சாம்."

சாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். எச்சில் இலையைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. தவசிலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து இலையில் மிஞ்சிய சோற்றைப் பார்த்தார். நீர் ஊற்றி வைத்தால் வீணாகாது என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. கையும் தானாக இலைக்குப் போனது. அதே நேரம் அரியநாச்சி இலையை அவர் பக்கம் நகர்த்தினாள். நீங்கள் காலையில் போனவர், பசியோடு வந்திருப்பீர்கள், இதைச் சாப்பிடுங்கள் என்றாள்.

நூல் சுற்றிய அந்த மணிக்கட்டு அவர் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விறகுச் சிராய்க்குத் தோல் போர்த்தினதுபோல் இருந்தது. தினம் மூன்று வேளை அவருக்குச் சோறு போட்ட கை அது. ஆறு வருஷமாய் அவர் அந்தக் கையிலிருந்து விழுகிற சோற்றைத்தான் பார்த்திருக்கிறார், கையைப் பார்த்ததில்லை. அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது. டாக்டர் சொன்ன 'ஆள் தங்காது' இப்போதுதான் காதில் விழுந்தது. இவள் போய்விடுவாள் என்று தெரிந்தது. அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு தரங்கூட கேக்கலையே சாமி. வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"நானும் கேக்கல," என்றார் சாமி.

தன் தோள்பையிலிருந்து தன்னுடைய சிரட்டையை எடுத்தார். அதுவும் தேய்ந்துதான் இருந்தது. அரியநாச்சியின் இலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார்.

"மாசாமாசம் பை வந்துச்சு. பொங்கிச் சாப்பிட்டேன். யாரு வயித்துலேர்ந்து வருதுன்னு ஒரு மாசமும் கேக்கல. நீங்க சாவி போட்டு அரிசியப் பூட்டினீங்க. நான் பூட்டாமலே அம்மா சோத்தைத் தின்னேன்."

அரியநாச்சி அய்யய்யோ சாமி என்று காதைப் பொத்திக்கொண்டாள். சாமி சொல்லக்கூடாத வார்த்தை அது என்று அவளுக்கு.

சாமி எழுந்தார். தெருமுனையில் ஆட்டோவைப் பிடித்து வரச்சொல்லிப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார். இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், செலவுக்கு மடத்து வாசலில் கிடக்கிற அண்டாவை விற்றுக்கொள்ளுங்கள் என்றார். பெயர் வெட்டின பித்தளையைப் பாதி விலைக்குத்தானே எடுப்பார்கள் என்று தவசிலிங்கத்துக்கு மனசுக்குள் ஓடியது. ஓடியதே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தார். அரியநாச்சியின் கையில் வைத்தார். அவள் விரல் மடங்கவில்லை, சாவி தரையில் விழுந்தது. திரும்ப எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"இனிமே சிரட்டை இல்ல சாமி. படியாலயே அளந்து போடுறேன். முட்டை, பாலு, பழம், எது சொன்னாலும் வாங்கிப் போடுறேன். நானே ஆக்கிப் போடுறேன். சரியாயிருவாள்ல?"

வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. சாமி அரியநாச்சியைக் கைத்தாங்கலாக எழுப்பி வாசல் வரைக்கும் கொண்டுபோய் ஆட்டோவில் உட்காரவைத்தார். தவசிலிங்கம் பின்னாலேயே போய், நிலைப்படியில் நின்று மறுபடியும் கேட்டார்.

"சொல்லுங்க சாமி. சரியாயிருவாள்ல?"

சாமி திரும்பி வந்து அவர் கையை விரித்து, அரிசிப் பானையில் கிடந்த அந்தச் சிரட்டையை உள்ளங்கையில் வைத்தார்.

"ஆறு வருஷம் ஒரு பக்கமாத் தேச்சீங்க அண்ணாச்சி. இனி மறுபக்கமாத் தேயுங்க."

"தேச்சா?"

"வளருதான்னு பாருங்க."